இரண்டு தீக்குச்சியும் ஒரு பெயரும்

ஒரு மேஜை. மேஜை மேல் கட்டம் போட்ட விரிப்பு. அதன் மேல் சாம்பல் கிண்ணம், கிண்ணத்தில் புகைந்துகொண்டிருக்கும் சுருட்டு, பக்கத்திலேயே தீக்குச்சிகள். சுருட்டுப் புகை நெளிந்து நெளிந்து மேலே போய் ஆடுகிற பெண்களாக மாறுகிறது. 1905 வாக்கில் பெர்லினில் 'ப்ரீஸ்டர்' என்ற தீக்குச்சிக்காக ஒரு போஸ்டர் போட்டி வைத்தார்கள். அதற்கு இருபத்திச் சொச்சம் வயசுப் பையன் ஒருவன் முதலில் வரைந்தது இதைத்தான்.

வரைந்து முடித்ததும், பார்க்க வந்த நண்பர் ஒருவரிடம் காட்டியிருக்கிறான். அவர் மனசாரப் பாராட்டினார்: சுருட்டு விளம்பரம் பிரமாதமாக வந்திருக்கிறது என்று.

விற்க வேண்டியது தீக்குச்சி. வந்தவர் கண்ணில் பட்டது சுருட்டு. பையன் அழிக்க ஆரம்பித்தான். முதலில் ஆடுகிற பெண்கள் போனார்கள். சுருட்டு போயிற்று. சுருட்டே இல்லை என்றான பிறகு கிண்ணத்துக்கு என்ன வேலை? அதுவும் போயிற்று. விரிப்பு, மேஜை எல்லாம் போய், கடைசியில் மிஞ்சியது இரண்டே இரண்டு தீக்குச்சி. அவற்றைப் பெரிதாக்கி, மேலே தடித்த எழுத்தில் கம்பெனி பெயரை எழுதினான். கெடு நெருங்கிவிட்டதால் அதையே அனுப்பியும் வைத்துவிட்டான்.

நடுவர்கள் பார்த்தார்கள், குப்பையில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய போஸ்டர் என்றால் கொடி, பூ, கூந்தல் பறக்கும் பெண், நாலு தேவதை. அதற்கு நடுவே இரண்டு குச்சியை வரைந்து அனுப்பினால், வேலையை முடிக்காமலே அனுப்பிவிட்டான் என்றுதான் தோன்றும். நடுவர்களில் ஒருவர் மட்டும் தாமதமாக வந்தார். பெயர் எர்ன்ஸ்ட் க்ரோவால்ட். அவர் கண் குப்பைப் பக்கம் போயிற்று. எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தார். முதல் பரிசு இதற்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் கதை விளம்பரக் கலை பற்றிய புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. இதைச் சொல்லிப் பரப்பியது பெரும்பாலும் அந்தப் பையனேதான். வயசான காலத்தில் அவர் நன்றாகக் கதை சொல்வாராம். வருஷமே புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. நண்பர் சொன்னது, கிண்ணம் போனது, குப்பையிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு திருப்பமும் நாடகத்துக்குத் தோதாக அமைந்திருக்கிறது. ஆனால் அந்தப் போஸ்டர் இருக்கிறது. அதைப் பார்த்தால் கதையில் பாதியாவது நிஜம் என்று நம்பத் தோன்றுகிறது.

பையன் பெயர் எமில் கான். 1883-இல் ஸ்டுட்கார்ட் பக்கம் பிறந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. உலகம் அவரை லூசியன் பெர்ன்ஹார்ட் என்று அறியும். அது அவராக வைத்துக்கொண்ட பெயர். மியூனிக்கில் கொஞ்ச நாள் ஓவியம் படித்தார். அதைத் தவிர எல்லாம் தானாகக் கற்றதுதான். வீட்டை விட்டு வந்ததற்கும் ஒரு கதை வைத்திருந்தார். மியூனிக்கின் கண்ணாடி மாளிகையில் நடந்த வீட்டு அலங்காரக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, வண்ணங்களில் கிறங்கிப் போய் வீடு திரும்பினார். அப்பா ஊரில் இல்லை. போதாதா? வீட்டில் இருந்த பழைய மேஜை நாற்காலிகளுக்கெல்லாம் பளிச்சென்று வண்ணம் அடித்துவிட்டார். திரும்பி வந்த அப்பா ஆடிய ஆட்டத்தில் பிள்ளை பெர்லினுக்குக் கிளம்பிவிட்டார். அதோடு சரி, திரும்பி வாழப் போகவில்லை.

இப்போது அந்தப் போஸ்டருக்கு வருகிறேன். கறுப்பை ஒட்டிய பழுப்புப் பின்னணி. அதில் நிழல் கிடையாது, தரை கிடையாது, தொலைவும் கிடையாது. இரண்டு சிவப்புக் குச்சிகள், தலை மஞ்சள். 'ப்ரீஸ்டர்' என்ற பெயர் நீலத்தில். அவ்வளவுதான் மொத்தமும். உற்றுப் பார்த்தால் எழுத்து அச்சுக்கூட எழுத்து இல்லை, தூரிகையால் எழுதியது என்று தெரியும். ஓரங்கள் கத்தி வைத்து வெட்டியது மாதிரி இல்லாமல் லேசாக உருண்டிருக்கும். குச்சிக்கு எவ்வளவு கனமோ எழுத்துக்கும் அவ்வளவு கனம். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது இந்த இடத்தைத்தான். படம் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரியவே பிரியாது. எழுத்தை எடுத்துவிட்டால் குச்சிகள் அநாதை. குச்சிகளை எடுத்துவிட்டால் எழுத்து வெறும் பெயர்ப் பலகை.

இது அழகுக்காக மட்டும் வந்ததல்ல. அன்று வண்ணப் போஸ்டர் அச்சானது கல்லச்சில். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைய வேண்டும். ஈரப்படுத்தினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், மற்ற இடம் தள்ளிவிடும். வண்ணத்துக்கு ஒரு கல். பத்து வண்ணம் என்றால் பத்துக் கல், ஒவ்வொரு தாளும் பத்துத் தடவை இயந்திரத்துக்குள் போய் வரவேண்டும். ஒரு தடவை இம்மி பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். தட்டையான நாலு வண்ணத்தில், நிழலே இல்லாமல், பெரிய பெரிய வடிவமாக ஒருவர் வரைந்து கொடுத்தால் அச்சகத்துக்காரருக்குப் பாயசம் குடித்த மாதிரி இருக்கும். செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், தவறும் குறையும்.

இங்கேதான் க்ரோவால்ட் யார் என்று சொல்லியாக வேண்டும். அவர் கலை விமர்சகர் இல்லை. 'ஹொல்லர்பௌம் அண்ட் ஷ்மிட்' என்ற பெர்லின் கல்லச்சகத்தின் வியாபாரப் பொறுப்பாளர். பெரும்பாலான கட்டுரைகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. என்னைக் கேட்டால் பெர்ன்ஹார்டின் வாழ்க்கைக்கே திறவுகோல் இதுதான். குப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தவர் மேதையை மட்டும் பார்க்கவில்லை. தன்னுடைய இயந்திரத்துக்குப் பொருத்தமான சரக்கையும் பார்த்தார். சும்மா விடுவாரா? பெர்ன்ஹார்ட், ஹான்ஸ் ரூடி எர்ட், யூலியுஸ் கிப்கென்ஸ், யூலியுஸ் கிளிங்கர் என்று ஓர் அணியையே ஒப்பந்தம் போட்டுத் தன் அச்சகத்தோடு கட்டிப் போட்டார். பெர்ன்ஹார்ட் போஸ்டர் வேண்டும் என்றால் அச்சடிப்பதும் ஹொல்லர்பௌமில்தான். ஓவியருக்கு வேலை ஓயாது, அச்சகத்துக்கு வேறெங்கும் கிடைக்காத சரக்கு, பெர்லின் தெருவுக்கு ஒரே குடும்பச் சாயலில் போஸ்டர்கள்.

இப்படி ஒரு க்ரோவால்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இந்த 'எல்லாவற்றையும் எடுத்துவிடு' வித்தையைப் பெர்ன்ஹார்ட் அந்தரத்திலிருந்து கொண்டுவரவில்லை. பத்து வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சன், ஜேம்ஸ் ப்ரைட் என்ற இருவர், மச்சானும் மாப்பிள்ளையும், 'பெகர்ஸ்டாஃப் சகோதரர்கள்' என்ற பெயரில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். தாளை வெட்டி ஒட்டித் தட்டையான வடிவங்களாகவே போஸ்டர் செய்தார்கள். கோட்டை இழுத்துப் பாதியில் விட்டுவிடுவார்கள், மீதியைப் பார்ப்பவர் கண் முடித்துக்கொள்ளும். நடிகர் ஹென்றி இர்விங்கின் நாடகத்துக்காக அவர்கள் செய்த டான் கிஹோட்டே போஸ்டர் தெருவுக்கே வரவில்லை. ஓவியம் என்று மட்டும் எடைபோட்டால் பெர்ன்ஹார்டைவிட அவர்கள் ஒரு படி மேல் என்பது என் கட்சி. ஆனால் நாலைந்து வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு க்ரோவால்ட் கிடைக்கவில்லை.

பெர்ன்ஹார்டுக்கு ஊரும் தோதாக அமைந்தது. 1905-இல் பெர்லினின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மின்சார டிராம், மோட்டார் வண்டி, தெருவுக்குத் தெரு புதுக் கடை. எர்ன்ஸ்ட் லிட்ஃபாஸ் என்ற அச்சகக்காரர் 1855-இலேயே அந்த ஊரில் விளம்பரம் ஒட்டுவதற்கென்று உருண்டைத் தூண்களை நிறுத்தியிருந்தார். ஒரு தூணைச் சுற்றி ஏகப்பட்ட போஸ்டர்கள். நாடகம், சர்க்கஸ், சோப்பு, சிகரெட் என்று எல்லாமே ஒரே சமயத்தில் கத்தும். டிராமில் கடந்து போகிறவருக்கு அவற்றைப் படிக்க இரண்டு நொடி கிடைத்தால் அதிகம். அந்தக் கூச்சலுக்கு நடுவே பேசாமல் நிற்கிற ஒரு ஷூ எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஷூ என்றது ஸ்டில்லர் கடைக்கு அவர் செய்த போஸ்டரை. ஒரே ஒரு ஷூ, 'ஸ்டில்லர்' என்ற பெயர். அட்லர் தட்டச்சு இயந்திரத்துக்கு ஒரு இயந்திரம், 'அட்லர்'. மனோலி சிகரெட்டுக்கும் அதே பாணி. பாஷ் கம்பெனிக்கு 1914-இல் செய்ததில் ஒரு ஸ்பார்க் பிளக், அதன் நுனியில் வெடிக்கிற தீப்பொறி, 'பாஷ்' என்ற பெயர். தள்ளுபடி கிடையாது, விலாசம் கிடையாது, 'இன்றே வாங்குவீர்' கிடையாது. பொருளும் பெயரும் மட்டுமே இருப்பதால் ஜெர்மானியர்கள் இதைப் 'பொருள் போஸ்டர்' என்றே அழைத்தார்கள்.

இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இதில் பொறாமைதான் அதிகம். ஒரு ஜவுளிக்கடைக்காக நான் பேனர் செய்தபோது, முதலாளி ஒரு சேலையின் படத்தோடு ஆரம்பித்தார். அப்புறம் வேட்டி வந்தது, குழந்தை உடை வந்தது, முதலாளியின் அப்பா படம் வந்தது, அத்தனை கிளைகளின் தொலைபேசி எண்ணும் வந்தது. கடைசியில் கடைப் பெயரை வைக்க இடம் தேட வேண்டியதாயிற்று. பெர்ன்ஹார்ட் மாதிரி அழித்துக் கொடுத்திருந்தால் கூலி வந்திருக்காது.

அவர் பாணியில் எல்லாமே சுகம் என்றும் சொல்ல மாட்டேன். வரிசையாகப் பத்து போஸ்டரைப் பார்த்தால் சலிப்பு தட்டும். ஷூவுக்கும் தட்டச்சு இயந்திரத்துக்கும் சிகரெட்டுக்கும் ஒரே சூத்திரம். அதே காலத்தில் மியூனிக்கில் லுட்விக் ஹோல்வைன் என்று ஒருவர் இருந்தார். மனிதர்களை வரைவார், துணியில் வெயில் விழுவதை வரைவார். அவர் பக்கத்தில் வைத்தால் பெர்ன்ஹார்ட் கொஞ்சம் வறட்சியாகத்தான் தெரிவார். தவிர, பொருளையும் பெயரையும் மட்டும் காட்டினால் போதும் என்பது, போட்டிக்கு நாலு தீக்குச்சி கம்பெனிகளும் இதே பாணிக்கு மாறாத வரைதான் பலிக்கும்.

அவர் கையெழுத்து தனிச் சரக்காகவும் விலைபோயிற்று. போஸ்டருக்காகத் தூரிகையால் எழுதிய எழுத்தின் சாயலிலேயே அச்செழுத்துகள் வடிக்க ஃபிளின்ஷ் என்ற வார்ப்பகம் அவரை எடுத்துக்கொண்டது. 'பெர்ன்ஹார்ட் ஆண்டிக்வா' அப்படி வந்தது. பின்னால் இதுவே அவருக்குச் சோறு போட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில் போர் வந்துவிட்டது. 1914-க்குப் பிறகு சிகரெட்டுக்கும் ஷூவுக்கும் விளம்பரம் குறைந்தது, அரசாங்கத்துக்கு விளம்பரம் தேவைப்பட்டது. பெர்ன்ஹார்ட் போர்க்கடன் பத்திரங்களுக்குப் போஸ்டர் செய்தார். அவற்றில் ஒன்று ரொம்பப் பிரசித்தம்: இரும்புக் கவசம் போட்ட ஒரு முஷ்டி மேலிருந்து இறங்குகிறது, கீழே பழைய ஜெர்மன் பாணியில் முறுக்கிய எழுத்துகள். சமாதானத்துக்கு வழி இதுதான், பகைவர் இப்படித்தான் விரும்புகிறார்கள், ஆகவே போர்க்கடன் கொடுங்கள் என்பது அதன் சாரம்.

இந்தப் போஸ்டர் என்னைக் கொஞ்சம் உலுக்கியது. பாணி துளியும் மாறவில்லை: ஒரே பொருள், ஒரே சேதி. தீக்குச்சி இருந்த இடத்தில் முஷ்டி. எதிரே கேள்வி கேட்கத் துணைப் பாத்திரம் யாரும் இல்லை, சூழல் இல்லை, காரணம் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சந்தேகத்தையும் சேர்த்து அழித்துவிடலாம் போலிருக்கிறது. எழுத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு. கடைகளுக்கு அவர் உருண்டையாக, சிநேகமாக எழுதிய எழுத்து இதில் இல்லை. முழுக்க முள்ளும் கொக்கியும். ஆள் விவரமானவர், எந்தச் சரக்குக்கு எந்தக் குரல் என்று தெரிந்தே செய்திருக்கிறார்.

போர் முடிந்து, 1920-களின் தொடக்கத்தில் பெர்லினில் போஸ்டர் கலைக்குப் பேராசிரியராகவும் இருந்தார். பிறகு 1923-இல் ராய் லாதம் என்ற அமெரிக்கக் கல்லச்சகக்காரரின் அழைப்பின் பேரில் நியூயார்க் போனார். பணவீக்கத்தில் ஜெர்மனி மூழ்கிக்கொண்டிருந்த வருஷம் அது. போன இடத்தில் சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார். அன்றைய அமெரிக்க விளம்பரத்துக்குச் சிரிக்கிற அம்மா வேண்டும், கன்னம் சிவந்த குழந்தை வேண்டும், பக்கம் பக்கமாக வசனம் வேண்டும். வெறும் பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரியவில்லை. ரொம்ப நவீனமாக இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். நாற்பது வயதில், தன் நாட்டில் உச்சத்தில் இருந்தவர், உள் அலங்கார வேலை செய்து பிழைத்தார். அப்பாவின் மேஜை நாற்காலிக்கு வண்ணம் அடித்த கை அல்லவா, அது வீண்போகவில்லை.

1928-இல் நியூயார்க்கில் 'கன்டெம்போரா' என்ற வடிவமைப்புக் கூட்டமைப்பில் சேர்ந்தார். ஓவியர் ராக்வெல் கென்ட், பாரிஸின் தையல் மன்னர் பால் பொய்ரே, கட்டடக் கலைஞர் எரிக் மெண்டல்ஸோன் எல்லாம் அதில் உண்டு. பெரிய பெயர்கள்தான். ஆனால் பெர்ன்ஹார்டை நிலைநிறுத்தியது எழுத்துதான். அமெரிக்க வார்ப்பகம் ஒன்றுக்காக 1929 முதல் 'பெர்ன்ஹார்ட் ஃபேஷன்', 'பெர்ன்ஹார்ட் காதிக்', 1937-இல் 'பெர்ன்ஹார்ட் மாடர்ன்' என்று வரிசையாக வடித்தார். ஃபேஷன் எழுத்து ஊசி மாதிரி மெலிசு. ப்ரீஸ்டரில் குச்சியோடு போட்டி போட்ட அந்தக் குண்டு எழுத்தை எழுதியவரா இவர் என்று ஆச்சரியமாக இருக்கும். கேட்ஸ் பா ரப்பர் குதிகால், ரெம் இருமல் மருந்து, எக்ஸ்-லாக்ஸ், அமோகோ பெட்ரோல் என்று போஸ்டர்களும் சின்னங்களும் செய்தார். பின்னாட்களில் ஓவியம், சிற்பம் பக்கம் ஒதுங்கினார். 1972-இல் நியூயார்க்கில் காலமானபோது 89 வயசு.

ஒரு கிளைக்கதை. அவர் மகள் ரூத் பெர்ன்ஹார்ட் 1905-இல் பெர்லினில் பிறந்தவர். 1927-இல் அப்பாவைத் தேடி நியூயார்க் வந்தார். புகைப்படக்காரராகத் தனிப் பெயர் எடுத்தார். 1930-இல் அவர் எடுத்த ஆரம்பப் படங்களில் ஒன்று 'லைஃப் சேவர்ஸ்'. நடுவில் ஓட்டை உள்ள மிட்டாய்கள், வரிசையாக உருண்டு போவது போல. வேறு எதுவும் இல்லை. அப்பா வீட்டுப் பழக்கம் எங்கே போகும்?

க்ரோவால்ட் அணியில் கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? எர்ட் 1918-இலேயே இறந்துவிட்டார். கிளிங்கர் வியன்னாவில் இருந்தார். யூதர் என்பதால் 1942-இல் நாஜிகள் அவரை மின்ஸ்க் பக்கம் நாடு கடத்திக் கொன்றார்கள். பெர்ன்ஹார்ட் 1923-இல் கப்பல் ஏறியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் போஸ்டர்களெல்லாம் இன்றைக்கு எப்படி நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன என்பது தனிக் கதை. தூணில் ஒட்டிய தாள். மேலே இன்னொன்றை ஒட்டினால் முடிந்தது. ஹான்ஸ் ஸாக்ஸ் என்று ஒரு பல் மருத்துவர் பெர்லினில் இருந்தார். மாணவராக இருந்தபோதே போஸ்டர் சேர்க்கும் பைத்தியம் பிடித்து, 1905-இல் போஸ்டர் நண்பர்கள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். பெர்ன்ஹார்டும் அதில் பங்கெடுத்தார். சங்கத்தின் பத்திரிகையான 'தாஸ் ப்ளாகாட்' 1921 வரை வந்தது. அந்தக் காலத்து ஜெர்மன் போஸ்டர்களைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அதைத் தொடாமல் எழுத முடியாது. ஸாக்ஸின் சேகரிப்பு 12,500 போஸ்டர்களாக வளர்ந்தது. 1938-இல் நாஜிகள் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் வதைமுகாமுக்குப் போய், விடுதலையாகி, குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பினார்.

போருக்குப் பிறகு எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். மேற்கு ஜெர்மனி நஷ்டஈடும் கொடுத்தது. அப்புறம்தான் ஒரு பகுதி கிழக்கு பெர்லின் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது என்று தெரியவந்தது. 1974-இல் அவர் இறக்கும்வரை கைக்கு வரவில்லை. மகன் பீட்டர் வழக்குப் போட்டு, 2012-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை போய், மிஞ்சிய 4,000-க்கும் மேற்பட்ட போஸ்டர்களைத் திரும்பப் பெற்றார். மறுவருஷமே நியூயார்க்கில் ஏலம் தொடங்கியது. அருங்காட்சியகம் அழுதது, சேகரிப்பாளர்கள் கைதூக்கினார்கள். சொந்தக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது என்பதுதான் என் எண்ணம், ஒரே இடத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டாலும்.

ஹோல்வைனையும் சேர்த்து எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அவர் 1933-இல் நாஜி கட்சியில் சேர்ந்து அவர்களுக்கே போஸ்டர் வரைந்தவர். வண்ணம் அற்புதம், ஆள் அப்படி. கிளிங்கர் பெயர் வருகிற அதே பதிவில் அவரைப் புகழக் கை வரவில்லை. வேறொரு நாள் தனியாக எழுதுகிறேன்.